விவசாயிகளுக்கு விலை உத்தரவாதம் தந்த சுரங்கத் தொழிலாளி

பிரிட்டனில் விவசாய மானியங்கள் பற்றிய சர்ச்சை எழும்போதெல்லாம், 1947ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் நினைவுகூரப்படுகிறது. லண்டனிலுள்ள நாடாளுமன்றத்தில் அச்சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் டாம் வில்லியம்ஸ், நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

1888ல் டார்பிஷயர் பகுதியிலுள்ள பிளாக்வெல் கிராமத்தில் பிறந்த அவர், இளம் வயதிலேயே சுரங்கத்தில் இறங்கினார். 1922ல் யார்க்‌ஷயரின் டான் வேலி தொகுதியில் தொழிற்கட்சி சார்பில் வெற்றிபெற்று, 1959 வரை அத்தொகுதியின் உறுப்பினராக நீடித்தார். 1924ல் அமைந்த முதலாவது தொழிற்கட்சி அரசில், விவசாய அமைச்சர் நோயல் பக்ஸ்டனின் நாடாளுமன்றத் தனிச்செயலராகப் பணியாற்றினார்.

விவசாயிகளுக்கு அப்போது அரசின் மீது நம்பிக்கை இருக்கவில்லை. முதலாம் உலகப் போரின்போது, 1917ல், கோதுமைக்கும் ஓட்ஸுக்கும் குறைந்தபட்ச விலையை அரசு உறுதி செய்திருந்தது. 1920ல் அந்த உறுதிமொழி மற்றொரு சட்டத்தின் மூலம் நீடிக்கப்பட்டது. ஆனால் சந்தை விலை சரிந்து, அரசின் செலவு பெருகும் நிலை வந்ததும், 1921ல் அது ரத்து செய்யப்பட்டது. கிராமப்புறங்களில் இது பெரும் துரோகமாகவே பார்க்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போர்க்கால கூட்டணி அரசில் விவசாயத்துறையின் இணையமைச்சர்களில் ஒருவராக இருந்த வில்லியம்ஸ், 1945ல் கிளமென்ட் அட்லியின் அரசில் அத்துறையின் அமைச்சரானார். போர் முடிந்தும் பஞ்சம் தீரவில்லை. உணவை இறக்குமதி செய்ய டாலர் இல்லை. போர்க்காலத்தில்கூட கட்டுப்படுத்தப்படாத ரொட்டிக்கு 1946ல் பங்கீடு கொண்டுவரப்பட்டது. 1947ன் கடும் பனியும் அதையடுத்த வெள்ளமும் பயிர்களையும் கால்நடைகளையும் அழித்தன.

இந்தப் பின்னணியில் வந்ததுதான் 1947ஆம் ஆண்டுச் சட்டம். தானியங்கள், உருளைக்கிழங்கு, சர்க்கரைக் கிழங்கு, பால், முட்டை, இறைச்சிக் கால்நடைகள் ஆகியவற்றுக்கு உத்தரவாத விலையும் உறுதியான சந்தையும் அளிக்கப்பட்டன. ஆண்டுதோறும் விவசாயப் பிரதிநிதிகளுடன் கலந்தாலோசித்து விலைகளை மீளாய்வு செய்வது அரசின் சட்டபூர்வக் கடமையானது. குத்தகை விவசாயிகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. பதிலுக்கு, நிலத்தைச் சரிவரப் பராமரிக்காதவர்களைக் கண்காணிக்கவும், தேவைப்பட்டால் வெளியேற்றவும் அரசு அதிகாரம் பெற்றது. அந்த அதிகாரம் 1958 வரை நீடித்தது.

எதிர்ப்பு அவரது கட்சிக்குள்ளிருந்தே வந்தது. விவசாயிகளுக்கு அளவுக்கு மீறிச் சலுகை காட்டப்படுவதாக 1950ல் குற்றம்சாட்டிய உணவுத்துறை இணையமைச்சர் ஸ்டான்லி எவன்ஸ் பதவி விலக நேர்ந்தது. எனினும் அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை. விளைச்சலுக்கு ஏற்ப உதவி என்றால், அதிகம் விளைவிக்கும் பெரிய பண்ணைகளே அதிகம் பெறும். சுமையோ வரி செலுத்தும் தொழிலாளர்கள் மீதும் விழும். சுரங்கத் தொகுதியின் உறுப்பினரான வில்லியம்ஸ் இந்த முரண்பாட்டை அறியாதவர் அல்லர். ஆனால், உணவு தட்டுப்பாடானால் முதலில் பட்டினி கிடப்பது தொழிலாளர் குடும்பங்களே என்ற நியாயமும் அவர் பக்கம் இருந்தது.

1951ல் ஆட்சிக்கு வந்த கன்சர்வேடிவ் கட்சியும் விலை உத்தரவாதக் கொள்கையைக் கைவிடவில்லை. 1961ல் பிரபுக்கள் சபைக்குச் சென்ற வில்லியம்ஸ், 1967ல் காலமானார்.

1973ல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணைந்தபின், அவரது ஏற்பாட்டின் இடத்தை ஐரோப்பியப் பொது விவசாயக் கொள்கை பிடித்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிறகு, இங்கிலாந்தில் நேரடி மானியங்களைப் படிப்படியாக நிறுத்தி, சுற்றுச்சூழல் பணிகளுக்குப் பணம் வழங்கும் மாற்றம் 2021ல் தொடங்கியது.

2020-21ல் டெல்லி எல்லைகளில் திரண்ட இந்திய விவசாயிகள் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம். அறிவிப்பாக மட்டும் இருக்கும் விலையை அடுத்து வரும் அரசு எளிதில் கைவிட்டுவிடலாம் என்பதே அவர்களின் அச்சம். 1921ல் பிரிட்டனில் சட்டமே ரத்தானதையும் நினைவில் கொண்டால், உத்தரவாதம் நிலைப்பதற்குச் சட்டத்துடன் அரசியல் ஒருமித்த கருத்தும் தேவை என்பது விளங்கும். டாம் வில்லியம்ஸின் சட்டத்துக்கு அந்த இரண்டும் வாய்த்தன.