தஸ்தயேவ்ஸ்கியின் தூங்காத ராத்திரிகள்

பழவேற்காடு ஏரியில் இறாலுக்காக ராத்திரி முழுக்கக் கண்விழிக்கும் மீனவருக்கு வலிப்பு நோய் இருந்தால்? யோசிச்சுப் பாருங்க. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும்.

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியும் ராத்திரி வேலைக்காரர்தான். 1821-ல் மாஸ்கோவில் பிறந்தவர். 1849-ல் கைதாகி, சைபீரியச் சிறையில் நான்கு வருடம் கிடந்தார். அவருக்கு வலிப்பு நோய் என்று 1857-ல் ராணுவ டாக்டர் ஒருவர் உறுதி செய்தார். பெரும்பாலும் தூக்கத்தில்தான் வலிப்பு வந்தது. வந்துவிட்டால் பல நாள் மனசு தேறாது. ஆனாலும் கடன் நெருக்கியதால் விடிய விடிய எழுதினார். வலிப்பு வந்த தேதிகளை நோட்டில் குறித்துவைத்தார். 1878-ல், மூன்று வயது நிரம்பாத மகன் அல்யோஷாவும் வலிப்பில் இறந்தான். 1881-ல் அவரும் மறைந்தார். பினோபார்பிட்டோன் மாத்திரை வலிப்பைக் கட்டுப்படுத்தும் என்று தெரியவந்ததே 1912-ல்தான்.

நமக்கு மாத்திரை இருக்கு. சில மாத்திரைகள் பகலிலும் தூக்கத்தை வரவழைக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திடாதீங்க. டாக்டரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார். ராத்திரி வேலை பார்ப்பதையும் மறைக்காதீங்க. தண்ணீரில் தனியாக இறங்காதீங்க. தஸ்தயேவ்ஸ்கியிடமிருந்து தேதி குறிக்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கோங்க, கண்விழிப்பை விட்டுடுங்க.