'இளவரசி'யைத் தந்த ரேடியோ சார்ஜென்ட்... மாடஸ்டி பிளைசியின் அப்பா பீட்டர் ஓ'டானல்!

வெள்ளகோவிலில் எங்க அப்புச்சி வீட்டு அட்டாலியில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கு. நகை, பட்டுச்சேலை, பத்திரம் எதுவும் அதில் கிடையாது. அந்துருண்டை வாசனையோடு கட்டுக்கட்டா பழைய காமிக்ஸ். எங்க மாமாவோட சொத்து. வீட்டில் யார் தொட்டாலும் மனுஷன் சாமியாடிடுவார்.

அந்தப் பெட்டியில் மேல்கட்டில் இருக்கும் புத்தகத்துக்கு மட்டும் தனியா பாலித்தீன் கவர். 'கத்தி முனையில் மாடஸ்டி'. 1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸின் முதல் இதழ். பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் வாங்கினப்போ மாமா ஸ்கூல் பையன். இன்னிக்கு அதுக்கு ஆயிரக்கணக்கில் விலை பேசி போன் வருது. மாமா அசையறதா இல்லை.

போன மாசம் ஆன்லைனில் வொண்டர் வுமன் பொம்மை ஒண்ணு வாங்கி, பெருமையா அவர்கிட்ட காட்டினேன். கையில் லாசோ, தலையில் கிரீடம்னு செமயா இருக்கும். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், இந்தப் பொண்ணுக்கு சக்தி கடவுள்கிட்ட இருந்து வந்துச்சு, எங்க மாடஸ்டிக்கு யாரும் எதையும் கொடுக்கலைன்னு சொல்லிட்டு பொம்மையை என் கையிலேயே வெச்சுட்டார். அப்போ எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரியே மாடஸ்டியை உருவாக்கின மனுஷனைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சுட்டேன். படிச்சதும் மாமா சொன்னதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்குன்னு தோணுச்சு.

பெயர் பீட்டர் ஓ'டானல். 1920 ஏப்ரல் 11 அன்று லண்டனின் லூயிஷம் பகுதியில் பிறந்தவர். 16 வயசிலேயே எழுத்துதான் பிழைப்புன்னு முடிவெடுத்து, சிறுவர் பத்திரிகைகளுக்குக் கதை எழுத ஆரம்பிச்சுட்டார். 1938-ல் ராணுவம். சேர்ந்தது சிக்னல்ஸ் பிரிவில், அதாவது வயர்லெஸ் செய்திகளைக் கையாளும் வேலை. இரண்டாம் உலகப்போர் அவரை ஈரான், சிரியா, எகிப்து, இத்தாலி, கிரீஸ்னு சுத்த வெச்சுது.

இந்தக் கதைக்கு முக்கியமான இடம் ஈரான். வருஷம் 1942.

ஹிட்லரின் படை காகஸஸ் மலைப்பக்கம் இறங்கிக்கிட்டிருந்த நேரம். ஊர்களை விட்டு ஓடிவந்த அகதிகள் வடக்கு ஈரான் வழியா தெற்கே போய்க்கிட்டே இருந்தாங்க. பீட்டர் ஒரு சின்ன ரேடியோ குழுவுக்கு சார்ஜென்ட். ஓடைக்கரையில் முகாம். அங்கே ஒருநாள் தனியா ஒரு சிறுமி வர்றா. 12 வயசு இருக்கலாம். கூட அப்பா, அம்மா, சொந்தக்காரங்கன்னு யாருமே இல்லை. ஒரு சின்ன மூட்டை மட்டும். கழுத்தில் கயிறு கட்டி ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டிருக்கா. அதில் கூராக ஒரு ஆணி.

அதுதான் அவளோட ஆயுதம். 12 வயசுப் பிள்ளைக்கு அது எதுக்குத் தேவைப்பட்டிருக்கும்னு சிப்பாய்கள் யாரும் கேட்கலை. கேட்கவும் வேண்டியிருக்கலை.

அவங்க சாப்பாடும் டீயும் கொடுத்திருக்காங்க. கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்து சாப்பிட்டவ, சாப்பிட்டு முடிச்சதும் தட்டை ஓடைத் தண்ணீரில் கழுவிக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்திருக்கா. டின் உணவு கொஞ்சமும், அதைத் திறக்க ஓப்பனர் ஒண்ணும் கொடுத்து அனுப்பியிருக்காங்க. கிளம்பும்போது சிரிச்சிருக்கா. அந்தச் சிரிப்பைப் பத்தியும், பரட்டைத் தலையும் கிழிஞ்ச துணியுமா அவ நிமிர்ந்து நடந்துபோன தோரணையைப் பத்தியும் பீட்டர் கடைசிவரை சொல்லிக்கிட்டே இருந்தார். அவருக்கு அது ஒரு குட்டி இளவரசியின் நடையாத் தெரிஞ்சுதாம். பேர் என்ன, எந்த ஊர், எங்கே போய்ச் சேர்ந்தா, எதுவும் தெரியாது. அவ்வளவுதான் சந்திப்பு.

போர் முடிஞ்சு ஊர் திரும்பினவருக்கு மறுபடியும் எழுத்துதான். அந்தக் காலத்து லண்டன் பேப்பர்களில் தினமும் மூணு கட்டத்தில் தொடர்கதை வரும். இன்னிக்கு நாம வெப் சீரிஸுக்குக் காத்திருக்கிற மாதிரி அன்னிக்கு ஜனங்க அதுக்குக் காத்திருந்தாங்க. 'கார்த்' தொடரை வருஷக்கணக்கில் எழுதினார். 'ரோமியோ பிரவுன்'னு ஒரு காமெடி டிடெக்டிவ் தொடரும் உண்டு. அதில்தான் ஓவியர் ஜிம் ஹோல்டவே கூட்டாளி ஆனார். 1960-ல் டெய்லி எக்ஸ்பிரஸ் பேப்பருக்காக ஜேம்ஸ் பாண்டின் 'டாக்டர் நோ' நாவலைக் காமிக்ஸா மாத்தி எழுதினவரும் இதே பீட்டர்தான். இந்தப் பாண்ட் மேட்டரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி சிவகாசியில் வரும்.

வருஷக்கணக்கா ஆம்பளை ஹீரோக்களுக்கே எழுதி எழுதி அவருக்கு ஒரு சலிப்பு. கதையில் பொண்ணு வந்தா ஒண்ணு மயங்கி விழுவா, இல்லைன்னா வில்லன்கிட்ட மாட்டிக்கிட்டு காப்பாத்தச் சொல்லிக் கத்துவா. அடிக்கிறதும் தப்பிக்கிறதும் கூட வர்ற ஆம்பளையைக் காப்பாத்துறதும் ஏன் அவளா இருக்கக்கூடாதுன்னு யோசிச்சார். அமெரிக்காவில் 1941-லேயே வொண்டர் வுமன் வந்தாச்சு, உண்மைதான். ஆனா பீட்டருக்கு வேண்டியது மந்திரக் கயிறு இல்லாத ஒரு பொண்ணு. இவ்வளவு திறமை அவளுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு வாசகன் கேட்டா, நம்புற மாதிரி ஒரு பதில் வேணும். அப்போ ஈரான் ஓடைக்கரைச் சிறுமி ஞாபகத்துக்கு வந்தா. அந்தப் பிள்ளை உயிரோட பொழைச்சு வளர்ந்து நின்னா எப்படி இருப்பா?

மாடஸ்டி பிளைசி பிறந்தது அப்படித்தான். கதையில் அவளுக்கு ஊரும் பேரும் கிடையாது. போருக்குப் பிறகான அகதி முகாமில் இருந்து தப்பிக்கிற சிறுமி. வழியில் லாப்னு ஒரு ஹங்கேரியப் பேராசிரியரைச் சந்திக்கிறா. வயசான அவருக்கு அவ காவல், படிப்பு அறியாத அவளுக்கு அவர் வாத்தியார். மாடஸ்டின்னு பேர் வெச்சதும் அவர்தான். ஆர்தர் மன்னன் கதையில் வர்ற மந்திரவாதி மெர்லினோட குரு பேர் பிளைசி. அதை அவளே பின்னாடி ஒட்டிக்கிட்டா. டான்ஜியர் நகரத்தை எட்டும் முன்பே லாப் இறந்துபோக, தன் கையால் அவரைப் புதைச்சுட்டு நகரத்துக்குள் தனியா நுழையிறா. டீன் ஏஜ் முடியுறதுக்குள் ஒரு கடத்தல் கும்பலுக்கே தலைவி. 26 வயசில் போதும்னு எல்லாத்தையும் கலைச்சுட்டு ஓய்வு. அதுக்கப்புறம் பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு அப்பப்போ கைகொடுக்கிற வேலை.

அவளோட கைவச ஆயுதம் உள்ளங்கையில் அடங்குற ஒரு சின்ன மரக்கட்டை. கொண்டையில் செருகி வெச்சிருப்பா. அதோட பேர் கொங்கோ. (நம்ம ஊருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லீங்க, ஆனா மாமா உண்டுன்னு அடிச்சுச் சொல்வார்.)

கூட இருப்பவன் வில்லி கார்வின், கத்தி வீசுறதில் மன்னன். சைகோன் ஜெயிலில் அழுகிக் கிடந்தவனை வெளியே எடுத்து ஆளாக்கினவ மாடஸ்டி. அவளுக்காக உயிரைக் கொடுப்பான், அவளும் அப்படியே. ஆனா காதல், கல்யாணம் எதுவும் இருவருக்கும் நடுவில் கிடையாது. 38 வருஷம் எழுதியும் அந்தக் கோட்டை பீட்டர் தாண்டவிடலை. ஹீரோவும் ஹீரோயினும் ஃப்ரெண்ட்ஸாவே இருந்துடுறதை நம்ம சினிமா இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்கு. அந்த வில்லி அவளைக் கூப்பிடுறது பிரின்சஸ்னு. தமிழில் அதுதான் 'இளவரசி' ஆச்சு. ஓடைக்கரையில் ஒரு சார்ஜென்ட் மனசில் தோணின வார்த்தை, வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடை வரைக்கும் வந்து சேர்ந்துச்சு.

வழி ஒண்ணும் சுலபமா இல்லை. முதலில் படம் வரைஞ்சு பார்த்தவர் 'டான் டேர்' புகழ் ஃபிராங்க் ஹாம்ப்சன். அப்போ பிரிட்டனில் அவர் பெரிய தலை. ஆனா அந்த மாடஸ்டி தன் மாடஸ்டி இல்லைன்னு பீட்டர் ஒத்துக்கலை. பழைய கூட்டாளி ஹோல்டவேயைப் பிடிச்சார். தொடரைக் கேட்டு வாங்கின டெய்லி எக்ஸ்பிரஸே, குற்றக்கும்பல் தலைவியா ஒரு பொண்ணு இருக்கிறது குடும்பப் பத்திரிகைக்குச் சரிப்படாதுன்னு கையை விரிச்சுடுச்சு. கடைசியில் 1963 மே 13 அன்று ஈவினிங் ஸ்டாண்டர்டில் மாடஸ்டி முதல் அடி எடுத்து வெச்சா.

ஹோல்டவேயின் கருப்பு-வெள்ளைக் கோடுகளை இன்னிக்குப் பார்த்தாலும் கண்ணு அப்படியே நிக்குது. 1970-ல் ஒரு கதை பாதியில் இருக்கும்போதே, 43 வயசுக்குள் அவர் போயிட்டார். அந்தக் கதையை முடிச்சுக் கொடுத்தவர் ஸ்பெயின் ஓவியர் ரொமேரோ. நடுவில் வேற மூணு ஓவியர்கள் வந்து போனாலும், கடைசிவரை நின்னவர் ரொமேரோதான்.

இதுக்கு நடுவில் சினிமா. 1966-ல் ஜோசப் லோசி இயக்க, மோனிகா விட்டி மாடஸ்டியா நடிச்ச படம். திரைக்கதையை எழுதிக் கொடுத்தது பீட்டர்தான், ஆனா பலர் கைபட்டு மாறி மாறி அவர் எழுதினது கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சலை. அந்த வருத்தத்தை அவர் மறைக்கவே இல்லை. ஆனா மனுஷன் ஒரு காரியம் பண்ணினார் பாருங்க. தன் திரைக்கதையையே நாவலா எழுதி, படம் வர்றதுக்கு முன்னாடி 1965-லேயே வெளியிட்டுட்டார். படம் ஓடலை, புத்தகம் பறந்துச்சு. பிறகு 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தில் ஜான் டிரவோல்டா பாத்ரூமில் உட்கார்ந்து படிக்கிறாரே, அது அந்த நாவல்தான்!

இன்னொரு சுவாரஸ்யம். 1971-லிருந்து மேட்லின் பிரென்ட்னு ஒரு பெண் எழுத்தாளர் பேரில் காதல் நாவல்கள் வர ஆரம்பிச்சது. 1978-ல் அதில் ஒண்ணுக்கு ரொமான்டிக் நாவலுக்கான பெரிய விருதே கிடைச்சுது. அந்த மேட்லின் நம்ம பீட்டர். பல வருஷம் இது வெளியே கசியவே இல்லை.

சரி, சிவகாசி. தமிழில் முத்து காமிக்ஸ் எழுபதுகளிலேயே இரும்புக்கை மாயாவியை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்திருந்துச்சு. 1984 ஜூலையில் ஒரே மாசத்தில் ரெண்டு புது காமிக்ஸ். சென்னையிலிருந்து ராணி காமிக்ஸ், முதல் இதழே ஜேம்ஸ் பாண்ட். சிவகாசியிலிருந்து எஸ்.விஜயனின் லயன் காமிக்ஸ், முதல் இதழே மாடஸ்டி. ரெண்டு பக்கமும் எழுதிப் பழகின பீட்டருக்கு, தமிழ்நாட்டுக் கடைகளில் தன் இளவரசி பாண்டுக்கு எதிரே தொங்கிக்கிட்டிருந்தது தெரிஞ்சிருந்தா ரொம்ப ரசிச்சிருப்பார்னு நினைக்கிறேன்.

அவரோட எழுத்து நமக்கு ஒத்துப்போனதுக்கு ஒரு தொழில் காரணமும் உண்டு. பேப்பரில் தினம் மூணு கட்டம்தான். மூணாவது கட்டத்தில் ஒரு கொக்கி போட்டே ஆகணும், இல்லைன்னா வாசகன் நாளைக்கு வரமாட்டான். அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒரே புத்தகமாக்கினா, பக்கத்துக்குப் பக்கம் கொக்கி. கலரும் தேவையில்லை, பெரிய சைஸும் தேவையில்லை. மலிவுத் தாளில், கையடக்கத்தில் அப்படியே உட்கார்ந்துச்சு. மாமா வகுப்பில் ஒரே புத்தகத்தை பதினஞ்சு பேர் படிச்சிருக்காங்களாம். ஆம்பளைப் பசங்க ஒரு பொண்ணை ஹீரோவா ஏத்துக்கறதில் கூச்சம் இல்லையான்னு கேட்டேன். அப்படி ஒரு கேள்வியே அப்போ யாருக்கும் தோணலையாம்.

இப்பவும் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா வந்தா, வெள்ளகோவிலில் இருந்து பஸ் ஏறிடுவார். அங்கே லயன்-முத்து ஸ்டாலில் நரைச்ச தலைகளெல்லாம் பன்னிரண்டு வயசுப் பசங்களா மாறி நிக்கிற காட்சியைப் பார்க்கணுமே!

தொண்ணூறுகளில் பீட்டருக்கு ஒரு கவலை பிடிச்சுக்கிச்சு. தனக்குப் பிறகு வேற யாராவது மாடஸ்டியை எடுத்து எழுதினா? சினிமாக்காரங்க கையில் பட்ட அனுபவம் சும்மாவா விடும்? சூப்பர் ஹீரோக்களுக்குச் சாவு கிடையாது. எழுதினவர் போனா அடுத்தவர் வருவார், கம்பெனி கைமாறும், ஹீரோ மட்டும் அதே வயசில் ஓடிக்கிட்டே இருப்பார். இவருக்கு அதில் உடன்பாடு இல்லை. 1996-ல் 'கோப்ரா டிராப்'னு ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்துச்சு. நாவல்கள், சிறுகதைகள்னு மாடஸ்டி பேரில் அவர் எழுதின 13 புத்தகங்களில் அதுதான் கடைசி. (ஸ்பாய்லர் வேண்டாதவங்க அடுத்த பத்தியைத் தாண்டிடுங்க.)

அந்தத் தொகுப்பின் கடைசிக் கதையில் மாடஸ்டிக்கு ஐம்பது வயசைத் தாண்டியாச்சு. தீராத வியாதி, நாள் எண்ணிக்கிட்டிருக்கா. அதை யார்கிட்டயும் சொல்லலை. மத்தவங்க தப்பிச்சுப்போக, துரத்தி வர்றவங்களைத் தடுத்து நிக்கிறா. அங்கேயே விழுறா. வில்லியும் கூடவே.

நாவலில் இப்படி முடிச்சும் பேப்பர் தொடரை இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டினார். 2001 ஏப்ரல் 11, தன்னோட 81-வது பிறந்தநாளில் கடைசித் துண்டு. பத்தாயிரத்துக்கும் மேல் துண்டுகள், அத்தனையும் ஒரே ஆள் எழுதினது. பேப்பரில் மட்டும் அவளைச் சாகவிடலை. வேலை முடிஞ்சு அவளும் வில்லியும் ஓய்வுக்குக் கிளம்புறதோட சரி. ரெண்டு முடிவையும் எழுதி வெச்சவர், எது வேணுமோ அதை நம்மளையே எடுத்துக்கச் சொன்ன மாதிரி இருக்கு.

2010 மே 3 அன்று, 90 வயசு முடிஞ்ச மூணாவது வாரம், பார்க்கின்சன் நோயோடு போராடி பீட்டர் ஓ'டானல் இறந்துபோனார்.

'கோப்ரா டிராப்' பழைய பிரதி ஒண்ணு ஆன்லைனில் கிடைச்சுது. வொண்டர் வுமன் பொம்மைக்குப் பதிலா மாமாவுக்கு அதைக் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்தார், முதல் பக்கத்தைப் புரட்டினார், அச்சு நல்லா இருக்குன்னார். கடைசிக் கதையில் என்ன ஆகும்னு அவருக்கு முன்னமே தெரியும். அதுக்கும் ஒரு பாலித்தீன் கவர் போட்டு, டிரங்குப் பெட்டியில் முதல் இதழுக்கு அடியில் வெச்சுட்டார். இன்னும் படிக்கலை.