ஹீட் பம்ப் யோசனையும் அவருடையது, வயர் கணக்கும் அவருடையது... யார் இந்த கெல்வின்?

ஒரகடம் சிப்காட்டில் டான்ஃபாஸ் என்ற டென்மார்க் நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. 1933-ல் குளிர்பதன இயந்திரங்களுக்கான எக்ஸ்பான்ஷன் வால்வில் தொடங்கிய நிறுவனம். ஏசியானாலும் சரி, இப்போது மொட்டை மாடிகளில் கீசருக்குப் பதிலாக வைக்கப்படும் ஹீட் பம்ப் ஆனாலும் சரி, அந்த வால்வின் வேலையைச் செய்ய உள்ளே ஒரு பாகம் கண்டிப்பாக இருக்கும். வாயு ஒரு குறுகலான தடையைத் தாண்டி விரியும்போது அதன் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்பதை 1850-களில் ஜூலுடன் சேர்ந்து ஆராய்ந்தவர் வில்லியம் தாம்சன். பிளஸ் ஒன் இயற்பியலில் வந்த அதே லார்டு கெல்வின்தான்.

1824-ல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தார். ஆறு வயதில் அம்மா இறந்துவிட்டார். அப்பா கணிதப் பேராசிரியர். கிளாஸ்கோவில் அவருக்கு வேலை கிடைக்க, குடும்பமும் அங்கே போனது. பத்து வயதில் பல்கலைக்கழக வகுப்பு, 22 வயதில் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அந்த நாற்காலியில் 53 வருஷம் இருந்தார்.

1852-ல் கட்டடங்களைச் சூடாக்குவது, குளிர்விப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிலக்கரியை நேரடியாக எரித்து அறையைச் சூடாக்குவது வீண். அதே எரிபொருளில் ஓர் இயந்திரத்தை ஓட்டி, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துவந்தால் பல மடங்கு லாபம். இதுதான் கட்டுரையின் சாரம். இன்றைய ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்ட்டில் சுமார் மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தருவது இந்தக் கணக்கில்தான். ஆனால் அப்போது அதை வீடுகளுக்குச் செய்துதர யாரும் முன்வரவில்லை.

அவரைப் பிரபலமாக்கியது வேறொரு விஷயம்: அட்லாண்டிக் கடலுக்கு அடியில் போட்ட தந்தி கேபிள். கம்பி நீளமாக ஆக, சிக்னல் மந்தமாகும்; அதனால் சுத்தமான, தடிமனான தாமிரமும் நல்ல இன்சுலேஷனும் வேண்டும் என்று தாம்சன் கணக்குப் போட்டுக் காட்டினார். கம்பெனியின் எலெக்ட்ரீஷியன் வைல்ட்மேன் ஒயிட்ஹவுஸ் ஒப்புக்கொள்ளவில்லை. இவர் டாக்டராக இருந்து மின்சாரத்துக்கு வந்தவர். மெல்லிய கம்பி போதும், வோல்டேஜை ஏற்றினால் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி. செலவு குறைவு என்பதால் அதுவே ஜெயித்தது.

1858 ஆகஸ்ட்டில் கேபிள் வேலை செய்தது. விக்டோரியா ராணியின் 98 வார்த்தை வாழ்த்து அமெரிக்கா போய்ச்சேர 16 மணி நேரம் ஆனது. சிக்னல் மங்க, ஒயிட்ஹவுஸ் சுமார் 2,000 வோல்ட் வரை கொடுத்துப் பார்த்தார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த இன்சுலேஷன் தாங்கவில்லை. சில வாரங்களில் கேபிள் செத்துப்போனது. போட்ட பணமெல்லாம் கடலுக்கு அடியில். விசாரணையில் தாம்சன் சொன்னதே சரி என்று ஆனது. 1866-ல் வெற்றி பெற்ற கேபிளில், ஒவ்வொரு கடல் மைலுக்கும் இருந்த தாமிரம் பழையதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அவருக்கு சர் பட்டமும் வந்தது.

பிறகு 1881. கிளாஸ்கோ பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த தன் வீட்டுக்கு மின்விளக்கு போட்டார். உலகிலேயே முழுக்க மின்விளக்கு எரிந்த முதல் சில வீடுகளில் அதுவும் ஒன்று. கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரத்தின் வருடாந்தர மதிப்பும், தாமிரத்தில் போட்ட முதலுக்கான வருடாந்தரச் செலவும் சமமாகும் தடிமனே சிக்கனம் என்ற விதியைச் சொன்னதும் அதே வருஷம். இன்றும் அது கெல்வின் விதிதான்.

அது சிக்கனக் கணக்கு. பாதுகாப்புக் கணக்கு இன்னும் கறார். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்கு. ஹீட் பம்ப் கீசரைவிடக் குறைவான வாட்ஸ்தானே என்று பக்கத்து லைட் லைனில் இருந்து இழுத்துக் கொடுப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கம்ப்ரசர் ஒரு மோட்டார். சாதாரண வகையானால் ஸ்டார்ட் ஆகும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பல மாடல்களில் துணைக்கு ஹீட்டிங் காயிலும் உண்டு. இரண்டும் சேர்ந்து ஓடும்போது எத்தனை ஆம்பியர் என்பதை நேம் பிளேட்டில் பார்த்து, அதற்கேற்ற வயரும் எம்சிபியும் போட்டு, போர்டிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும். மாடிக்குப் போகும் தூரம் கூடினால் அடுத்த சைஸ் வயர்.

எம்சிபி அடிக்கடி ட்ரிப் ஆகிறதா? பெரிய எம்சிபி மாட்டுவது ஒயிட்ஹவுஸ் வைத்தியம். வயர் அதேதான், அதைக் காப்பாற்றும் காவல் மட்டும் போய்விடும்.

மழையில் நனையும் யூனிட் என்பதால் எர்த் வயர் அறுபடாமல் போர்டு வரை வர வேண்டும். நியூட்ரலோடு முறுக்கிவிட்டுச் சமாளிப்பது உயிரோடு விளையாடுவது. ஆள் உடம்பு வழியாகக் கசியும் சின்ன கரண்ட்டை எம்சிபி கவனிக்காது. அதைப் பிடிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. சர்வீஸ் செய்பவர் கை வைக்கும் முன் அணைக்க, யூனிட் பக்கத்திலேயே ஐசொலேட்டர் சுவிட்ச்சும் வேண்டும். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

கெல்வின் எல்லாவற்றிலும் சரியாக இருந்தவர் அல்ல. எக்ஸ் கதிரை முதலில் நம்பவில்லை. ஏசி மின்சாரம் வேண்டாம், டிசிதான் நல்லது என்று ரொம்ப நாள் பிடிவாதம் பிடித்தார். (இன்வெர்ட்டர் ஹீட் பம்ப் வீட்டு ஏசி மின்சாரத்தை உள்ளே முதலில் டிசியாக மாற்றிக்கொள்கிறது என்பது தனிக் கதை.)

1906-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் உருவானபோது அதன் முதல் தலைவர் அவர். அடுத்த ஆண்டு டிசம்பர் 17-ல் ஸ்காட்லாந்தில் இறந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், நியூட்டனுக்குப் பக்கத்தில் அடக்கம். ஹீட் பம்ப்புக்கான மின் பாதுகாப்புத் தர விதியை இப்போது வெளியிடுவது அதே ஆணையம். அதன் எண் 60335-2-40.