வளைந்த கால்களும் வலது ஓரமும்

கால்பந்து என்றால் நம்மில் பலருக்குப் பீலேதான். எனக்கு அதே அணியில் வலது ஓரத்தில் ஆடிய கரிஞ்சாவைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

1933-இல் ரியோ டி ஜெனிரோவை அடுத்த பாவ் கிராண்டே என்ற மில் ஊரில் பிறந்தவர். கரிஞ்சா என்பது ஒரு சின்னக் குருவியின் பெயர். அக்கா வைத்த பட்டப்பெயர். பிறவியிலேயே கால்கள் கோணல். வலது கால் உள்பக்கம் வளைந்தது, இடது கால் வெளிப்பக்கம். காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி ரெண்டும் ஒரே திசையில். போதாததற்கு இடது கால் சுமார் 6 செ.மீ. குட்டை. 14 வயதில் துணி மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். வேலையில் சுமார், பந்தில் புலி.

1953-இல் பொட்டாஃபோகோ கிளப்பில் ஆளைச் சோதித்துப் பார்க்க, நாட்டின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரான நில்டன் சாண்டோஸை எதிரே நிறுத்தினார்கள். இந்தக் கோணல் கால் பையன் அவரையே ஏமாற்றிக் கடந்து போனான். நில்டனே சிபாரிசு செய்ய, இடம் கிடைத்தது.

அவரிடம் இருந்தது பெரும்பாலும் ஒரே வித்தைதான். பந்தோடு அப்படியே நிற்பார். உடம்பு இடப்பக்கம் சாயும். அடுத்த கணம் ஆள் வலப்பக்கம் பறந்திருப்பார். எதிராளிக்கும் அது தெரியும். தெரிந்து என்ன பண்ண?

1958 உலகக் கோப்பையில் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். மூன்றாவதில் பீலேயோடு இறங்கினார். இறுதி ஆட்டத்தில் பிரேசிலின் முதல் இரண்டு கோல்களும் அவர் வலது ஓரத்திலிருந்து கொடுத்த பந்தில் விழுந்தவை. 1962-இல் பீலே இரண்டாவது ஆட்டத்திலேயே காயம்பட்டு ஒதுங்க, பாரம் முழுக்க இவர் மேல். இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல், சிலிக்கு எதிராக இரண்டு. இறுதி ஆட்டத்தைக் காய்ச்சலோடு ஆடிக் கோப்பையோடு வந்தார். பீலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து ஆடியபோது பிரேசில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

கோணல் காலே அவருக்கு வரம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் மெக்கானிக்கல் படித்தவன். அச்சு கோணினால் பேரிங் ஒரு பக்கமாகத் தேயும் என்பது பட்டறையில் நின்ற எவருக்கும் தெரியும். அவர் முழங்கால் குருத்தெலும்பு அப்படித்தான் தேய்ந்தது. வலியோடே ஆட வைத்தார்கள். வீங்கிய மூட்டில் நீரை எடுத்துவிட்டு மறுபடி மைதானத்துக்கு. கிளப்புக்குக் கூட்டம் சேர வேண்டுமே! கணக்கு வழக்குப் பார்க்கத் தெரியாத மனுஷன், தொகை எழுதாத ஒப்பந்தத்தில்கூடக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். காலின் கோணலை அவர் சமாளித்துவிட்டார், பக்கத்தில் இருந்தவர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை.

1964-இல் அறுவைச் சிகிச்சை நடந்தது. பழைய வேகம் திரும்பவில்லை. நாட்டுக்காக ஆடிய 50 ஆட்டங்களில் தோற்றது ஒன்றே ஒன்று, 1966-இல் லிவர்பூலில் ஹங்கேரியிடம். அதுவே உலகக் கோப்பையில் கடைசி ஆட்டம். குடி ஏற்கெனவே பிடித்திருந்தது. பிறகு விடவே இல்லை.

1983 ஜனவரி 20-ஆம் தேதி இறந்தபோது வயது 49. மரக்கானா மைதானத்தில் கிடத்தப்பட்ட உடலைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றிப் பாவ் கிராண்டேக்குக் கொண்டு போனார்கள். வழி நெடுக ஜனம். சொந்த ஊர்ப்பக்கத்துக் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள்.