வாடகை வசூலித்த கவிஞர்

மாதாந்திரப் பராமரிப்புத் தொகை கேட்டு நம் பொருளாளர் காலிங் பெல்லை அழுத்தும்போது உங்களுக்குச் சலிப்பு வரலாம். இதே வேலையை 1940-ல் நியூயார்க்கில் ஆங்கிலத்தின் பெரிய கவிஞர் ஒருவர் செய்தார் என்றால் நம்புவீர்களா? அவர் பெயர் டபிள்யூ. எச். ஆடன்.

1907 பிப்ரவரி 21-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார் ஆடன். முப்பது வயதுக்குள் புகழ் வந்துவிட்டது. நாஜிகளின் பகைக்கு ஆளான எழுத்தாளர் எரிகா மானுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 1935-ல் அவரை மணந்துகொண்டார். 1939 ஜனவரியில் அமெரிக்கா போனார். சில மாதங்களில் போர் மூண்டது. ஆபத்து வேளையில் நாட்டை விட்டு ஓடியவர் என்று தாய்நாட்டில் பலர் ஏசினார்கள்.

அந்தப் பழியோடுதான் 1940 இலையுதிர் காலத்தில் புரூக்ளின், மிடாக் தெரு, 7-ம் எண் வீட்டுக்கு அவர் குடிவந்தார். வீட்டை வாடகைக்கு எடுத்தவர் பத்திரிகை ஆசிரியர் ஜார்ஜ் டேவிஸ். உடன் இருந்தவர்கள் யார் யார் பாருங்கள்: 23 வயது நாவலாசிரியர் கார்சன் மெக்கல்லர்ஸ், இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன், துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருந்த மேடை நடனக்காரி ஜிப்ஸி ரோஸ் லீ, எரிகாவின் தம்பி கோலோ மான். பலருக்குப் பிப்ரவரியில் பிறந்தநாள் என்பதால் 'பிப்ரவரி இல்லம்' என்றே பெயர் வந்தது.

இத்தனை பேர் கூடினால் சண்டை வராதா? வரவு செலவை ஆடன் கையில் எடுத்தார். வாடகையும் சாப்பாட்டுப் பணமும் கறாராக வசூலித்தார். நேரத்துக்குச் சாப்பாடு, சாப்பாட்டு மேசையில் அரசியல் பேச்சு கூடாது என்பது சட்டம். ஐரோப்பாவில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில் அது லேசான சட்டமல்ல. சத்தப் பிரச்சினை அங்கும் உண்டு. பிரிட்டனின் பியானோ வரவேற்பறையில் இருந்ததால், இன்னொரு இசையமைப்பாளரான பால் பௌல்ஸ் அடித்தளத்தில் போய் வாசித்தார்.

இவ்வளவு கறாரான மனிதர் சொந்த அறையை ஒழுங்காக வைத்திருந்தாரா என்றால், அதுதான் இல்லை. சிகரெட் சாம்பலும் சிதறிய தாள்களும் கசங்கிய சட்டையும்தான் அவர் அடையாளம்.

அங்கிருந்த காலத்தில் ஆடன் பாடல்கள் எழுதி பிரிட்டன் இசையமைத்த 'பால் பன்யன்' 1941 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரங்கேறியது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் மிச்சிகனில் ஆசிரியர் வேலைக்குப் போனார். 1948-ல் புலிட்சர் பரிசு வந்தது. 1973 செப்டம்பர் 29-ல் வியன்னாவில் காலமானார்.

அந்த வீடு இப்போது இல்லை. 1945-ல் நெடுஞ்சாலைக்காக இடித்துவிட்டார்கள். குடியிருந்தவர்கள் எழுதியவை நிற்கின்றன. அவர்கள் எழுதிக்கொண்டிருக்க, யாரோ ஒருவர் கணக்கு பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த முறை பெல் அடித்தால், பொருளாளரைக் கொஞ்சம் சிரித்த முகத்தோடு வரவேற்றுப் பாருங்களேன்.