விக்டோரியா மகாராணி: படம் சொல்லாத ஒரு மரணம்

விக்டோரியா மகாராணி என்றதும் நம் கண்முன் வருவது கறுப்பு உடையில் இறுகிய முகத்தோடு அமர்ந்திருக்கும் மூதாட்டிதான். அந்த மூதாட்டிக்குள் இருந்த பதினெட்டு வயதுப் பெண்ணைத் தேடிய படம் 2009இல் வந்த 'தி யங் விக்டோரியா'. எமிலி பிளண்ட் அரசியாக நடித்தார். ஆடை வடிவமைப்புக்காக ஆஸ்கார் விருதும் கிடைத்தது. பார்க்க அழகான படம். ஆனால் அந்த இளம் அரசியின் வாழ்க்கை அத்தனை அழகாக இருக்கவில்லை.

1819 மே 24 அன்று லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தை கென்ட் கோமகன் இறந்துபோனார். தாய் ஜெர்மானியர். அவருடைய வீட்டு நிர்வாகத்தைக் கவனித்த ஜான் கான்ராய் என்பவர், சிறுமி நாளை அரசியானால் ஆட்டுவிப்பது தாமே என்று கணக்குப் போட்டார். சிறுமி தாயின் அறையில்தான் உறங்க வேண்டும். படி இறங்கும்போது யாராவது கையைப் பிடித்திருக்க வேண்டும். 1835இல் ராம்ஸ்கேட்டில் நோயுற்றுப் படுத்திருந்தவரிடம், தன்னை அந்தரங்கச் செயலாளராக்கும்படி கையெழுத்துக் கேட்டு நெருக்கினார் கான்ராய். பதினாறு வயதுப் பெண் மறுத்துவிட்டார்.

பதினெட்டு வயது நிறைந்து ஒரு மாதம் ஆவதற்குள், 1837 ஜூன் 20 அன்று, பெரியப்பா நான்காம் வில்லியம் காலமானார். அரசியானதும் விக்டோரியா செய்த முதல் காரியங்களில் ஒன்று, தன் கட்டிலைத் தாயின் அறையிலிருந்து அகற்றச் சொன்னது! பிரதமர் மெல்போர்ன் பிரபு அவருக்கு ஆசானானார். (படத்தில் இளைஞராகத் தெரியும் மெல்போர்னுக்கு அப்போது வயது 58.)

இனித்தான் படம் தொடாத பகுதி. தாயின் தோழிகளில் ஒருவர் ஃப்ளோரா ஹேஸ்டிங்ஸ் சீமாட்டி. இந்தியாவில் 1813 முதல் 1823 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் மகள். கவிதை எழுதுபவர், திருமணமாகாதவர். 1839 தொடக்கத்தில் அவருடைய வயிறு வீங்கியது. அவர் ஸ்காட்லாந்திலிருந்து கான்ராயுடன் ஒரே வண்டியில் திரும்பியிருந்தார். அது போதாதா? கான்ராயை வெறுத்த அரசி, அது அவருடைய பிள்ளைதான் என்று முடிவு கட்டினார். வதந்தியை மெல்போர்னும் அடக்கவில்லை. பிப்ரவரியில் ஃப்ளோரா மருத்துவச் சோதனைக்கு உடன்பட நேர்ந்தது. அவர் கன்னி என்று தெரிந்தது. அரசி நேரில் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் சந்தேகம் முழுதாக விலகவில்லை. ஃப்ளோராவின் குடும்பத்தார் கடிதங்களைச் செய்தித்தாள்களில் வெளியிட, ஊரே கொதித்தது. ஆஸ்கட் குதிரைப் பந்தயத்தில் அரசியைப் பார்த்துச் சீறினார்கள். ஜூலை 5 அன்று ஃப்ளோரா இறந்தார். வயது 33. கல்லீரல் நோய் என்பது பிரேதப் பரிசோதனையில் உறுதியானது.

சிறைப்பட்டு வளர்ந்த பெண், கையில் அதிகாரம் வந்ததும் இன்னொரு பெண்ணை இப்படி நடத்தினார் என்பதை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. வயதைக் காரணம் காட்டலாம். ஆனால் அதே வயதில்தான், அந்த மே மாதம், ராபர்ட் பீல் தம் தோழியரில் சிலரை மாற்றச் சொன்னதற்கு இணங்காமல் அவர் பிரதமராவதையே தடுத்தார்.

அக்டோபரில் ஆல்பர்ட் வந்தார். அரசி என்பதால் விக்டோரியாவே திருமணப் பேச்சை எடுக்க வேண்டியிருந்தது. 1840 பிப்ரவரி 10 அன்று மணம் நடந்தது. ஜூன் 10 அன்று எட்வர்ட் ஆக்ஸ்ஃபர்ட் என்ற இளைஞன் அவர்களுடைய வண்டியை நோக்கி இருமுறை சுட்டான். படத்தில் ஆல்பர்ட் காயமடைகிறார். உண்மையில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அரசியைத் தூற்றிய ஊர் இப்போது வாழ்த்தி ஆரவாரித்தது.

அடுத்த ஆண்டு, 1841இல், ஃப்ளோராவின் கவிதைகளை அவருடைய சகோதரி தொகுத்து நூலாக்கினார்.