பணம் யார் கையில்?

1945-ம் வருஷம் மார்ச் 8-ந் தேதி. லண்டனில் யுத்தம் இன்னும் ஓயவில்லை. குண்டு வீச்சில் தன் மண்டபத்தை இழந்துவிட்ட காமன்ஸ் சபை, பிரபுக்கள் சபையின் மண்டபத்தில் கூடியிருந்தது. குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு சர்க்கார் வாரந்தோறும் பணம் கொடுக்க வகை செய்யும் மசோதா அன்று விவாதத்துக்கு வந்தது.

72 வயது மூதாட்டி ஒருவர் பேச எழுந்தார். இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் போராடியவர் அவர். கேலியையும் எதிர்ப்பையும் தாங்கியவர். கனவு பலிக்கும் வேளை வந்துவிட்டது. ஆனால், மசோதா இப்படியே நிறைவேறுமானால் அதை எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்று அவர் சபையில் அறிவித்துவிட்டார்!

அந்த மூதாட்டிதான் எலினார் ராத்போன் அம்மையார். பெற்ற பிள்ளையைப் போல் வளர்த்த மசோதாவையே அவர் எதிர்க்கத் துணிந்தது ஏன்?

செல்வர் வீட்டுப் பெண்

லிவர்பூல் துறைமுகத்தில் தலைமுறை தலைமுறையாக வாணிபம் செய்து செழித்த குடும்பம் ராத்போன் குடும்பம். தந்தை வில்லியம் ராத்போன் பார்லிமெண்ட் அங்கத்தினர். 1859-ல் முதல் மனைவி நோயுற்று இறந்தபோது, அவளைப் பராமரித்த நர்சை அவர் அனுப்பிவிடவில்லை. நர்சு வைத்துக்கொள்ள வசதியில்லாத ஏழைகளின் வீடுகளுக்குப் போய் சிகிச்சை செய்யச் சொன்னார். வீடு தேடிச் செல்லும் நர்சு முறை இங்கிலாந்தில் வேரூன்றியது அப்படித்தான்.

அவருடைய இரண்டாம் தாரத்தின் மகளாக 1872 மே 12-ல் எலினார் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் சாமர்வில் கல்லூரியில் படித்தார். அந்தப் பல்கலைக்கழகம் அக்காலத்தில் பெண்களுக்குப் பரீட்சை வைக்கும். பட்டம் மட்டும் கொடுக்காது! படிப்பை முடித்து ஊர் திரும்பியவர், ஏழைகளுக்கு உதவும் தர்ம சங்கத்துக்காக வீடு வீடாகச் சென்று விசாரிக்கும் வேலையை ஏற்றார்.

கூலிக்காரர் வீடுகளில்

லிவர்பூல் துறைமுகத்தில் அன்றாடம் காலையில் கூலிகள் கூட்டமாக வந்து நிற்பார்கள். கப்பல் வந்தால் வேலை; வராவிட்டால் பட்டினி. ஒரு வாரம் கை நிறையப் பணம்; அடுத்த வாரம் ஒன்றுமில்லை. எலினாரும் அவருடைய தோழர்களும் இந்தக் குடும்பங்களின் வரவு செலவை வாரம் வாரமாகக் கணக்கெடுத்து 1909-ல் வெளியிட்டார்கள். துணிமணிகள் அடகுக் கடைக்குப் போவதும் மீள்வதுமாக இருந்த வாழ்க்கை அந்தக் கணக்கில் தெரிந்தது.

கூலி, உழைக்கும் ஆணுக்குக் கிடைக்கிறது. அவனுக்குப் பிள்ளை இல்லாவிட்டாலும் அதே கூலிதான். ஆறு பிள்ளைகள் இருந்தாலும் அதே கூலிதான். பிள்ளைகளை வளர்க்கும் தாயின் உழைப்புக்குக் கணக்கில் இடமே இல்லை. இந்த உண்மை எலினாரின் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது.

அதே 1909-ல் லிவர்பூல் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சபையில் அடியெடுத்து வைத்த முதல் பெண் அவரே. எந்தக் கட்சியிலும் சேரவில்லை. கடைசிவரை சுயேச்சையாகவே இருந்தார்.

யுத்தம் கற்பித்த பாடம்

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. போருக்குப் போன சிப்பாய்களின் மனைவியருக்கு, குழந்தைகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி சர்க்கார் படி கொடுத்தது. சர்க்கார் இயந்திரம் தொடக்கத்தில் தடுமாறியபோது, லிவர்பூலில் அந்தப் பொறுப்பைத் தர்ம சங்கத்தின் மூலம் நடத்தியவர் எலினார்.

அப்போது அவர் ஓர் அதிசயத்தைக் கண்டார். கணவன் போர்முனையில் இருந்தான். வாராவாரம் பணம் தாயின் கைக்கே நேராக வந்தது. அந்தப் பணம் பாலாகவும் ரொட்டியாகவும் பிள்ளைகளின் காலணியாகவும் மாறியது. யுத்தகாலத்தில் முடிந்தது சமாதான காலத்தில் ஏன் முடியாது?

இந்தக் கேள்வியை வைத்து 1924-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். ஆனால் எதிர்ப்பு நாலா பக்கமும் எழுந்தது. சோம்பேறிகளை வளர்க்கும் திட்டம் என்றார்கள் சிலர். இதைச் சாக்காக வைத்து முதலாளிகள் கூலியைக் குறைப்பார்கள் என்று தொழிற்சங்கங்கள் அஞ்சின.

கேள்விக் கணைகள்

1929-ல், இங்கிலாந்தின் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் ஓட்டளிக்கும் தொகுதியிலிருந்து காமன்ஸ் சபைக்கு வந்தார். கட்சி பலம் கிடையாது. பதவி ஆசையும் கிடையாது. அவருக்கு இருந்த ஆயுதம் ஒன்றே: கேள்வி. பார்லிமெண்டில் ஓர் அங்கத்தினர் முறைப்படி கேள்வி கொடுத்தால், மந்திரி எழுந்து பதில் சொல்லியே ஆகவேண்டும். காகிதங்கள் பிதுங்கும் பையுடன் அம்மையார் வருவதைக் கண்டு மந்திரிகள் தூண்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1933-ல் பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம், உடல் நலத்தோடு வாழக் குறைந்தது என்ன சாப்பிடவேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டு வெளியிட்டது. வேலையற்றோர் குடும்பத்தில் குழந்தைக்கென்று சர்க்கார் தரும் படி அந்தச் செலவுக்குக் காணுமா என்று அம்மையார் கேட்டார். அந்தக் கேள்வியை விடாமல் எழுப்ப 1934-ல் ஒரு சபையே அமைத்தார்.

வீட்டு வசதி விஷயத்திலும் அவர் பார்வை அப்படியே. ஸ்டாக்டன் என்ற ஊரில் சேரியை இடித்து, ஒரு பகுதி மக்களைப் புது வீடுகளில் குடியேற்றினார்கள். ஆனால் அங்கே சாவு குறையவில்லை, கூடிற்று! வாடகை உயர்ந்ததால் சாப்பாட்டுச் செலவு சுருங்கிவிட்டது என்று அவ்வூர் சுகாதார அதிகாரி டாக்டர் மக்கோனிகில் எடுத்துக் காட்டினார். வீடு கட்டினால் மட்டும் போதாது, பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாடகையைக் குறைக்கவேண்டும் என்று வாதாடியவர்களில் முன்னணியில் நின்றவர் எலினார்.

இந்தியாவும் அம்மையாரும்

நம் நாட்டையும் அவர் மறக்கவில்லை. பால்ய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-ல் வந்தும் ஏட்டளவில் நிற்கிறதே என்று பார்லிமெண்டில் குரல் கொடுத்தார். 1932-ல் இந்தியாவுக்கு நேரில் வந்து பார்த்தார். ஆனால் இந்தியப் பெண்களுக்காகப் பேசும் உரிமையை ஆங்கிலேயப் பெண்களுக்கு யார் கொடுத்தது என்று தன்வந்தி ராமராவ் போன்றோர் அவருக்கு எதிரிலேயே கேட்டார்கள். 1941-ல், யுத்தத்தில் பிரிட்டனுக்கு ஒத்துழைக்காத இந்தியர்களைக் கடிந்து அம்மையார் பகிரங்கக் கடிதம் எழுதினார். மரணப் படுக்கையிலிருந்த மகாகவி தாகூர் அதற்குக் காரசாரமாகப் பதிலளித்தார். குடும்பத்தில் பணம் யார் கையில் என்று கேட்டவருக்கு, ஒரு தேசத்தின் பணமும் அதிகாரமும் யார் கையில் என்ற கேள்வியின் வேகம் முழுவதும் புரியவில்லை. அவரது வாழ்வில் இது ஒரு குறையே.

தந்தையா, தாயா?

1942 டிசம்பரில் பெவரிட்ஜின் புகழ்பெற்ற அறிக்கை வந்தது. பிறப்பு முதல் இறப்பு வரை மக்களுக்குப் பாதுகாப்பு அளிக்கும் அந்தத் திட்டத்தின் அஸ்திவாரங்களில் ஒன்றாகக் குழந்தைப் படி இடம் பெற்றது. தொழிற்சங்கங்களும் மனம் மாறின. 1945-ல் மசோதா வந்தேவிட்டது. பெவரிட்ஜ் கேட்டது குழந்தைக்கு வாரம் 8 ஷில்லிங். சர்க்கார் கொடுக்க முன்வந்தது 5 ஷில்லிங். அதுவும் முதல் குழந்தைக்கு இல்லை, இரண்டாவது முதல்தான்.

இதையெல்லாம் எலினார் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. அந்தப் பணம் சட்டப்படி தந்தைக்குச் சொந்தம் என்று மசோதா கூறிற்று! தாய் தபாலாபீசில் வாங்கி வரலாம். ஆனால் பணம் அவளுடையதல்ல. பிள்ளை வளர்க்கும் தாய்க்கு நாடு தரும் மரியாதை இதுதானா? முதல் யுத்தத்தில் தாய்மார் கையில் பணம் என்ன ஆயிற்று என்று கண்ணால் கண்டவர் அவர். பணத்தின் அளவு குறைந்தால் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். உரிமை தவறான கைக்குப் போய்விட்டால் மீட்பது கடினம் என்று நினைத்தார்.

அவருடைய எச்சரிக்கை வீண் போகவில்லை. சர்க்கார் இறங்கி வந்தது. கட்சிக் கட்டுப்பாடின்றி அங்கத்தினர்கள் மனச்சாட்சிப்படி ஓட்டளிக்க அனுமதித்தது. மசோதா திருத்தப்பட்டது. தாய்க்கே பணம் சொந்தம் என்று ஆயிற்று. ஜூன் 15-ல் அது சட்டமாயிற்று.

காணாத காட்சி

1946 ஆகஸ்டு 6, செவ்வாய்க்கிழமை. பிரிட்டன் முழுவதும் தபாலாபீசுகளில் தாய்மார்களுக்கு முதன்முதலாக அந்தப் படி வழங்கப்பட்டது. மணமாகாத, பிள்ளை பெறாத ஒரு பெண்மணி வாங்கித் தந்த பணம் அது. அந்தக் காட்சியைக் காண எலினார் ராத்போன் இல்லை. ஏழு மாதங்களுக்கு முன்பே, ஜனவரி 2-ல் திடீரென்று காலமாகிவிட்டார்.

முதல் குழந்தைக்கும் படி வேண்டும் என்ற குறை 1977-ல் புதிய முறை வந்தபோது தீர்ந்தது.

ஏழைகளுக்கென்று பட்ஜெட்டில் கோடி கோடியாக ஒதுக்குவது சுலபம். ஒதுக்கிய பணம் கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது, அது யாருடைய பணம் என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் கஷ்டம். அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத் தம் வாழ்நாள் வேலையையே பணயம் வைத்தார் அந்த மூதாட்டி.